மொட்டு அப்பா எடுத்துக்கொண்ட செருப்புச் சண்டை

மார்ச் 9

காலையில் எல்லோருக்கும் முன்பே பல்செட் லேபுக்குப் போய்விட்டேன். அங்கே போன் லைனில்தான் இன்டர்நெட், அதைப் போட்டால் போன் செத்துவிடும். டாக்டர்கள் கூப்பிடத் தொடங்குவதற்குள் குழு மெயில்களைப் படித்துவிட வேண்டும். முதலாளிக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் என்ன பேசுவார்?

பிள்ளையை இழந்தவர்களின் குழு அது. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. போன பிள்ளையின் செல்லப் பெயரோடு அப்பா அல்லது அம்மா. நான் வாலு அப்பா. ஐந்து வயதில் காய்ச்சலில் போன மகளை வைத்து என்னைக் கூப்பிட வேறு இடம் ஏது? ஆங்கில எழுத்தில் தட்டித் தடவி எழுதும் தமிழ்தான். இருந்தாலும் படித்தால் மனசு ஆறுகிறது.

வீட்டில் அவள் பேச்சை எடுத்தாலே மனைவி எழுந்து போய்விடுகிறாள்.

மார்ச் 14

இன்று மொட்டு அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதினேன். வாலு வேண்டுமென்றே செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவாள். கேட்டால், "ரெண்டுக்கும் சண்டைப்பா, அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது" என்பாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அப்படித்தான் போட்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 15

மொட்டு அப்பாவின் பதில்: "இன்னும் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

கூடப்பிறந்த அண்ணனே "இன்னும் எத்தனை நாளைக்குடா?" என்கிறான். முகம் தெரியாத மனுஷன் கேட்கிறேன் என்கிறார்.

ஏப்ரல் 2

மொட்டுவின் பிறந்த நாள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாளன்று பெற்றவர் பிள்ளை செய்த ஒன்றை எழுதுவார். மற்றவர்கள் பிள்ளையின் பெயரை மட்டும் பதிலாக அனுப்புவார்கள். வேறு ஒரு சொல் கூடாது.

மொட்டு அப்பா எழுதியிருந்தார்: என் மகன் செருப்பை மாற்றிப் போடுவான், இரண்டுக்கும் சண்டை என்பான்.

அதற்குக் கீழே வரிசையாக — மொட்டு, மொட்டு, மொட்டு. என் பெண் செய்த குறும்புக்கு அவர் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள்.

மேல் வரிசைப் பல்லைக் கீழ் வரிசையில் பதித்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு அவரே மெழுகை உருக்கிப் பல்லை எடுத்தார்.

ஏப்ரல் 3

அடப்பாவி. என்கிட்டயே வாங்கி, எனக்கே போட்டுக் காட்டறான்.

ஏப்ரல் 5

கேட்டேன். மொட்டு அப்பா மறைக்கவில்லை, பதில் வந்தது.

"மொட்டு பொறக்கும்போதே உயிர் இல்ல. நர்ஸ் ஒரு தடவ காட்டினாங்க, அவ்வளவுதான். நீங்கள்லாம் ஒண்ணொண்ணா சொல்றீங்க. எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. ஒரு நாளைக்காவது அவன் நடந்த பிள்ளையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

பாவம்தான். ஆனால் எனக்கு மட்டும் என்ன மூட்டை மூட்டையாகவா இருக்கிறது? ஐந்து வருஷம். அதில் பாதி நேரம் நான் லேபில். மிஞ்சியது கொஞ்சம். அதிலும் கை வைத்தால்?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அதற்குத்தான் கேட்கவில்லையோ?

ஏப்ரல் 6

குழுவை நடத்தும் டீச்சரிடம் எல்லாவற்றையும் எழுதினேன். மொட்டு அப்பாவும் பிள்ளையை இழந்தவர்தானே, கொஞ்சம் யோசியுங்கள் என்றார். யோசித்தாயிற்று, அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 20

நிம்மதியா? தெரியவில்லை. யார் எது எழுதினாலும், இது சொந்தமா, இரவலா என்று பார்க்கிறேன். நானும் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஜூன் 21

வாலுவின் பிறந்த நாள். குழுவுக்கு எதுவும் அனுப்பவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை, சண்டைக்கு வந்தாள். "என்கிட்ட சொல்லாதத எவனோ ஒருத்தன்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க" என்றாள். நீ கேட்டால்தானே என்றேன். இரண்டு பேரும் கத்தினோம். பிறகு கொஞ்ச நேரம் அழுதோம்.

அப்புறம் அவளாகவே ஒன்று சொன்னாள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டர் பல் அச்சுக்கு, நான் வேலைக்குப் போனதும் வாலு பிஸ்கட் ஊட்டுவாளாம். "அப்பா வர்ற வரைக்கும் பசி தாங்காதும்மா." எனக்கு இது தெரியவே தெரியாது. சிரித்துவிட்டேன்.

சிரித்து முடிப்பதற்குள் மொட்டு அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று மனசு ஓடியது. அவரை எடுக்கச் சொன்னது நான்தான். தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் தெரியவில்லை.

இவளையே இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.