உன் அம்மா இல்லத்துக்குப் போனது

அன்பு மகளுக்கு,

நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் இருக்கிற இடத்தில் நன்றாகவே இருக்கிறாள். போனில் நீ அழுதுகொண்டே என்ன நடந்தது என்று கேட்டாய், எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை, வைத்துவிட்டேன். எழுதினாலாவது வருகிறதா பார்க்கலாம்.

காலையில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவாளே அரசாங்க உதவியாள், அவள் வேகத்தைப் பார்த்து அம்மா புயல் என்று பெயர் வைத்தாளே, அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ் அனுப்ப ஒரு அலுவலகம், உதவியாளுக்கு ஒன்று, சக்கர நாற்காலிக்கு ஒன்று என்று நாம் நாயாய் அலைந்தது உனக்குத் தெரியும். இப்போது மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நல்ல காரியம்தான், நானும் சந்தோஷப்பட்டேன். போய்ப் பார்த்தால் புது பெயிண்ட் வாசனை, வரிசையாக நாற்காலிகள், உள்ளே உட்கார வேண்டிய ஆட்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கே வந்தார், உன் வயதுதான் இருக்கும். அம்மாவை இடது கையைத் தூக்கச் சொன்னார், அது வரவில்லை. என்னை நடக்கச் சொன்னார், குனிந்து நிமிரச் சொன்னார், நான் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போல மிடுக்காகச் செய்து காட்டினேன். அதுதான் வினையாகிவிட்டது. "வீட்டுல தெம்பா ஒருத்தர் இருந்தா இனிமே ஆள் அனுப்ப முடியாதுங்க ஐயா, தனியா இருக்கறவங்களுக்குத்தான். என் கையில எதுவும் இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

அதிலிருந்து நானே எல்லாம் செய்தேன். குளிப்பாட்ட வந்துவிட்டது, தலை வாரத்தான் வரவில்லை. அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சண்டைக்குப் போயிட்டு வந்தவ மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஒரு காலையில் அவளைத் தூக்கும்போது என் முழங்கால் மடங்கி, இருவரும் குளியலறையில் விழுந்தோம். அடி பெரிதாக இல்லை, ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. குழாய் திறந்தபடி இருக்க, ஈரத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தோம். "மூலையில ஒட்டடை பாருங்க, நீங்க வீட்டைப் பார்த்துக்கற லட்சணம்" என்றாள். தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டை போட மேலே ஏறி வந்த கீழ்வீட்டுத் தையல்காரர்தான் எங்களைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் அந்த அதிகாரிக்குப் போன் போடச் சொன்னாள். விழுந்ததைச் சொல்லி ஆள் கேட்கப்போகிறாள் என்று நினைத்து நானே போனை அவள் காதில் வைத்தேன். "என்னை உங்க முதியோர் இல்லத்துல சேர்த்துக்குங்கம்மா. இவர் என்னைத் தூக்கித் தூக்கியே போய்ச் சேர்ந்துடுவார்" என்றாள். வாய் குழறும் அவளுக்கு அன்று ஒரு சொல்கூடக் குழறவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை வாங்கி வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை மடித்தேன். வண்டி வந்த அன்று, நானும் கூட வந்து அங்கேயே தங்கலாமா என்று கேட்டேன். நீங்கள் நடமாட்டமாக இருக்கிறீர்களே, இடமில்லை என்றார்கள்.

இல்லம் சுத்தமாக இருக்கிறது. ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற நடத்துநர் அம்மாள், தூக்கத்தில்கூட டிக்கெட் கேட்கிறாளாம். புயலை அங்கேதான் மாற்றியிருக்கிறார்கள். வந்த உடனே, "இந்தத் தலையை யாரும்மா இப்படிப் பண்ணினது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள், அம்மா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வருத்தமா அப்பா என்று கேட்டாயே, பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அப்படித்தான் இருக்கிறது. சமைக்கிறேன், இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறேன், பரவாயில்லை, ராத்திரிக்கு ஆகிறது. நீ லீவு போட்டுக்கொண்டு அவசரமாகக் கிளம்பாதே, குட்டிக்குப் பரீட்சை முடியட்டும். மாப்பிள்ளையை முதுகுவலியை டாக்டரிடம் காட்டச் சொல், தள்ளிப்போட வேண்டாம்.

நேற்றும் போயிருந்தேன். பார்க்க வந்தவர்கள் கிளம்ப மணி அடித்தார்கள். "பார்த்துப் போயிட்டு வாங்க" என்றாள், நான் வேலைக்குப் போன காலத்தில் சொன்ன மாதிரியே. சரி என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது, வீட்டில் இருக்கிறவர்கள்தான் கிளம்புகிறவர்களிடம் அப்படிச் சொல்வார்கள். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, திரும்பி நடந்தே வந்தேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு. அம்மாவுக்கு மதியத்தில் போன் செய். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்பாள், சாப்பிடுகிறார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா