அடுக்கு மோதிரமும் என் கடைவாய்ப் பல்லும்

அன்புக் குருவிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா மிகவும் சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், பல் பிடுங்கிய இடம் ஆறி வருகிறது. நீ அங்கே குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் நினைப்பும். ஒரே விரலில் மெல்லிய மோதிரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடுகிறார்களே, அது வாங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாயாம். அப்பாவுக்குத்தான் அதுல இப்போ அனுபவம் ஜாஸ்தி, அவரே எழுதட்டும் என்று சொல்லிவிட்டாள். அதுவும் உண்மைதான்.

தெருக்கோடியில் புதிதாகத் திறந்த மோதிரக் கடைக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரம்மா விவரமானவள். ஒத்தை மோதிரத்துக்கு உள்ள அளவு அடுக்குக்கு ஆகாது, நாலஞ்சு சேர்ந்தா விரலை இறுக்கும், அதனால ஒரு அளவு பெரிசா எடுங்க என்றாள். வழவழப்பாக இரண்டு, முறுக்கு வைத்தது ஒன்று, கல் வைத்தது ஒன்று என்று கலந்து போட்டால்தான் எடுப்பாக இருக்குமாம், எல்லாமே கல்லாக இருந்தால் விரல் கடை ஜன்னல் மாதிரி ஆகிவிடுமாம். இதையெல்லாம் நீயும் மனதில் வைத்துக்கொள். இலை மாதிரி முனை வளைந்த ஒன்றைக் காட்டி, இதை நடுவுல போடுங்க, ஓரத்துல போட்டா எதுலயாவது மாட்டும் என்றும் சொன்னாள். ஓரத்துல போட்டாத்தானே தெரியும் என்று அம்மா அதை ஓரத்தில்தான் போட்டாள். எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கியவற்றையெல்லாம் என் விரல்களில் மாட்டி, தள்ளி நில்லுங்க, தூரத்துல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும் என்றாள். அந்த நேரம் பார்த்து என் முதலாளி கடைக்குள் வந்தார். பத்து விரலிலும் மோதிரத்தோடு வணக்கம் வைத்தேன். அவரும் வைத்தார். இன்றுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுவாரம் எனக்குத் தாங்க முடியாத பல்வலி. வழக்கமாகப் போகும் டாக்டர் வெளியூர் போய்விட்டதால் உன் பெரியம்மாவின் பல் கிளினிக்கைத் தவிர வேறு வழியில்லை. அம்மாவுக்கும் அவள் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்த்து, உன் வயசுக்குப் பரவாயில்ல என்று பெரியம்மா சொன்னதில் ஆரம்பித்தது. ஆனாலும் என்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் அம்மா கூடவே வந்து, சுவரைப் பார்த்தபடி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியம்மா எனக்கு மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அம்மாவின் விரலைக் கவனித்தாள். கையுறையைக் கழற்றினாள், மேஜை இழுப்பறையைத் திறந்தாள், ஒவ்வொன்றாக ஒன்பது அடுக்கு மோதிரங்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவிடம் இருந்தது ஏழு. பிறகு என் பல்லின் எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுக்க இருவரும் ஒரே சமயத்தில் என் நெஞ்சுக்கு மேல் கையை நீட்டினார்கள். அம்மாவின் இலை மோதிரத்தின் முனை பெரியம்மாவின் மோதிர அடுக்குக்குள் போய் மாட்டிக்கொண்டது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அம்மா தன் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை, இழுக்காதே. நீதான் இழுக்கறே என்றாள் பெரியம்மா. கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண் சோப்பு போட்டாள், எண்ணெய் போட்டாள், எல்லாம் என் சட்டையில்தான் வழிந்தது. மோதிரக் கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் இருவரும் குட்டை முடி விவகாரத்தை முதலிலிருந்து எடுத்தார்கள். நான் பாராட்டித்தாண்டி சொன்னேன் என்றாள் அவள். வயசைச் சொல்லியா பாராட்டுவாங்க என்றாள் இவள். வாய் நிறையப் பஞ்சோடு நடுவில் கிடந்த என்னால் சமாதானம் சொல்லவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. இதற்குள் மரத்த இடத்தில் உணர்வு திரும்ப ஆரம்பித்து நான் முனகியதைக் கேட்டு, பெரியம்மா இப்பவே பிடுங்கிடணும் என்றாள். அவளுக்கு இடது கைப் பழக்கம், மாட்டியிருந்தது வலது கை, அது ஒரு நல்ல காலம். மாட்டிக்கொண்ட இரண்டு கைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி என் நெஞ்சின்மேல் வைத்தார்கள். அம்மா மற்றக் கையால் என் தாடையை அமுக்கிப் பிடிக்க, பெரியம்மா குறடைப் போட்டாள். கெட்டியாப் பிடிடி என்றாள். பிடிச்சிருக்கேன்க்கா என்றாள் அம்மா. அந்த ‘அக்கா’வைக் கேட்டுப் பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பல் வந்துவிட்டது.

அப்புறம் மோதிரக் கடைக்காரம்மாவே திரும்பப் போனில் கூப்பிட்டு, விஷயத்தைக் கேட்டுவிட்டு, இழுக்காதீங்க, ரெண்டு கையையும் இன்னும் கிட்ட தள்ளிட்டுத் திருப்புங்க என்றாள். உடனே கழன்றது. கழன்ற பிறகும் இருவரும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். இப்போது தினமும் போன், மோதிரங்களைக்கூட மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதுவரை எழுதியதை அம்மா படித்துவிட்டு, சரியாத்தான் எழுதியிருக்கீங்க என்றாள். இனி எழுதுவது நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில், உறையை ஒட்டுவதற்கு முன். குருவி, அவர்கள் பிடுங்கியது வேறு பல். வலிக்கிற பல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. இதில்லை என்று கையை ஆட்டிக் காட்டினேன், தைரியம் சொல்கிறேன் என்று நினைத்து இருவரும் என் கையைத் தட்டிக்கொடுத்தார்கள். இப்போது போய் நான் எப்படிச் சொல்வது? மூன்று தெரு தள்ளி ஒரு டாக்டர் இருக்கிறாராம், சனிக்கிழமை முடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போகப் போகிறேன். நீ பதில் எழுதும்போது மோதிரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள், பல்லைப் பற்றி மூச்சு விடாதே.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடிந்து, மனசு நிறைந்து இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு பக்கமாக மென்று சாப்பிடும்,
உன் அப்பா