நானும் கைதட்டினேன்

திருப்பூர்,
புதன்கிழமை மதியம்.

அன்புத் தங்கை சித்ரகலாவுக்கு,

உன்னையும் பாப்பாவையும் ஆண்டவர் தம் கைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, நிர்மலாக்கா எழுதுவது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் வீட்டுக்காரர் மோகன்ராஜ் சொன்னார். அடுப்புப் புகையில் அம்மாவை நிற்க விடாதே. பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? இங்கே நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எனக்குச் சுகமில்லை.

அம்மாவைப் பார்க்க ஊருக்கு நீ திங்கட்கிழமை பஸ் ஏறியதிலிருந்து ஒன்பது தடவை போன் போட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. கோபம் என்று தெரியும். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா.

பஸ் ஸ்டாண்டில் உன் காதோடுதான் சொன்னேன், மாத்திரையை மறுபடியும் போட ஆரம்பி கண்ணு என்று. நீ படியில் நின்றபடியே, "ஏனுங்க்கா, என்னைய முழங்கால் போட்டு ஜெபிக்க வெச்சதே நீங்க. இப்ப உங்களுக்கே விசுவாசம் இல்லீங்களா?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கேட்டாய். பஸ் போய்விட்டது. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். உன் கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

பதினேழு நாளைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டு மூன்று மணி ஜெபக் கூட்டத்தில் நீ எழுந்து சாட்சி சொன்னாய். ஏழு மாதமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, கர்த்தர் குணமாக்கிவிட்டார், இன்றோடு மாத்திரை வேண்டாம் என்றாய். மாத்திரை அட்டைகளையும் டாக்டர் சீட்டையும் கொண்டுவந்து என் கையில் வைத்து, இனி இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். எல்லாரையும்விட சத்தமாக நான்தான் தட்டினேன்.

என் ஜெப நோட்டு உனக்குத் தெரியும். தேதி, பெயர், விண்ணப்பம், பதில் கிடைத்த நாள் என்று நாலு கட்டம். அஞ்சாவது வரைதான் படித்தவள் நான்; வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மனசு நிற்கும். முதல் மூன்று கட்டம் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கிறது. நாலாவது கட்டம் வெகு நாளாகக் காலியாகவே கிடந்தது கண்ணு. அதைப் பார்க்கும்போதெல்லாம், என் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று கூசுவேன். அன்றைக்கு உன் பெயருக்கு நேரே தேதி போட்டபோது பேனா துள்ளிக்கொண்டு ஓடியது. அந்தச் சந்தோஷத்தில், ஏழு மாதமும் நீ மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் முழுசாக உண்மையில்லை. யோசனை வந்தது. அவிசுவாசம் என்று தள்ளிவிட்டேன்.

அடுத்து எழுதப்போவது உனக்குத் தெரியாது. இந்த ஞாயிறு கூட்டத்தில், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாய். பாட்டு நடுவில் உன் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றது. வாயோரம் துடித்தது. இடது கை முந்தானையைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. சாரதாமணியக்கா, "பாருங்க, பிள்ளை மேல ஆவியானவர் இறங்கீட்டாரு!" என்று கத்தி உன் தலையில் கை வைத்தார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாப்பா மடியிலிருந்து நழுவியது. நான்தான் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ முழித்து, "பாட்டு முடிஞ்சுருச்சுங்களாக்கா?" என்று கேட்டாய். அபிஷேகம் வந்தது என்று அவர்கள் சொன்னதும் உன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அது அபிஷேகம் இல்லை சாமி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நானும் கூட இருந்தேன். விழுவதற்கு முன்னால் துணியைப் பிடித்து இழுப்பாளா என்று டாக்டர் கேட்டார். ஆமாங்க, முந்தானையை இழுப்பாளுங்க என்று மோகன்ராஜ் சொன்னார். என் காதால் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில்கூட காரணம் சொல்லாமல் மாத்திரை போடு என்று மட்டும் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது நியாயம்.

நேற்று சாரதாமணியக்கா சிரித்துக்கொண்டே வந்து, "சித்ரா சாட்சியக் கேட்டதும் நானும் பிரஷர் மாத்திரையத் தூக்கி வீசீட்டனுங்க" என்றார். என் கையிலிருந்த பருப்புக் கிண்ணம் கீழே விழுந்தது. அப்போதே ஜெப நோட்டுக்குப் போகாமல் உன் மாத்திரையை எடுத்து எண்ணினேன். அன்று நீ கொடுத்தபோது முப்பத்தெட்டு. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று போட்டிருந்தால் இன்று மதியம் நாலுதான் மிச்சம் இருக்க வேண்டும். முப்பத்தெட்டும் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்கூட உங்கள் ஊர் வாய்க்கால் ஞாபகம் வருகிறது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ படியில் இறங்குவது கண்ணில் நிற்கிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நீ, நீ, நீ என்றுதான் வருகிறது.

வியாழன், காலை பதினொரு மணி.

நேற்று இதைத் தபாலில் போடத்தான் நினைத்தேன். அது வந்து சேர இரண்டு நாளாகும் என்றார்கள். அத்தனை நேரம் என்னால் இருக்க முடியாது.

சாயங்காலம் போதகர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாருங்கம்மா என்று கேட்டார். யாரும் சொல்லலீங்க, நாங்க கைதட்டினோமுங்க என்றேன். அதற்கு அவர், "தலைவலின்னா நானே மாத்திரை போட்டுட்டுத்தானுங்க பிரசங்கம் பண்ண ஏறறேன். அத நான் மேடையில சொன்னதில்லை. என் மேலயும் தப்பிருக்குது" என்றார். வர்ற ஞாயிறு சொல்வதாகச் சொன்னார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். சாரதாமணியக்கா வீட்டுக்குப் போய், நான் தப்பாகக் கைதட்டிவிட்டேன், நீங்கள் மாத்திரை போடுங்கள் என்றேன். "அப்ப சாமி குடுத்த சொகத்தத் திருப்பி வாங்கிக்கிட்டாருங்களாக்கும்?" என்று நொடித்தார். ஆனாலும் குப்பைக்கூடையைக் கிளறி அட்டையை எடுத்து, என் முன்னாலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

இன்று காலை உன் சீட்டை எடுத்துப்போய் டாக்டரைப் பார்த்தேன். இப்படிச் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து என்று கோபித்தார். இன்றே பழையபடி ஆரம்பிக்க வேண்டுமாம். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாதாம். நாளைக்கு உன்னை நேரில் கூட்டிவரச் சொன்னார்.

அங்கிருந்து நேராக மோகன்ராஜின் கம்பெனிக்குப் போனேன். மாத்திரையை நிறுத்தியதை அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் நம்ப மாட்டார் என்று நீ என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாய். அதை மீறிவிட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் இதை மறுபடியும் செய்வேன். சரக்கு ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்த மனுஷன் கம்பெனி கேட்டுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாப்பா அவகிட்டதானுங்க்கா இருக்குது" என்றார்.

உடனே உன் அம்மாவுக்குப் போன் போட்டார். நீ துணி துவைக்க வாய்க்காலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாராம். போய்க் கூட்டிட்டு வாங்கத்தை என்று இவர் கத்த, "அவளுக்குத்தான் நல்லாயிருச்சாமா, நீங்க எதுக்கு மாப்பிள்ளை பதறறீங்க?" என்று சிரித்தாராம். கடைசியில் கண்ணில் கட்டோடு உன் அம்மாவே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். திரும்பப் போன் வர இருபத்து மூன்று நிமிஷம் ஆனது. அந்த ரோட்டோரத்தில் நானும் மோகன்ராஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நீ ஈரச் சேலையோடு வீடு வந்துவிட்டாய், பாப்பா பொரி தின்கிறது என்று சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது மோகன்ராஜ் வண்டியோடு வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதமும் மாத்திரையும் அவர் கையில் வருகின்றன. அவரைத் திட்டாதே. அவரும் உன்னைத் திட்டக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எனக்கு விசுவாசம் இருக்கிறது கண்ணு. ஆனால் ஆண்டவர் இப்படித்தான் குணமாக்க வேண்டும் என்று நான் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் உன்னை விழாமல் காத்ததும் அவர்தான். அந்த மாத்திரையைக் கொண்டே காத்தார். காலையில் முழங்கால் போட்டு எழுந்ததும் அதைப் போட்டுக்கொள். ராத்திரி பாப்பாவைத் தூங்க வைத்து ஜெபித்ததும் அதைப் போட்டுக்கொள். அதுவும் உன் ஜெபத்தில் சேர்ந்ததுதான். இதை முதல் நாளே உனக்குச் சொல்லிக்கொடுக்காதது என் தப்பு.

அபிஷேகம் இல்லை என்றதும் உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். எல்லாம் பொய் என்று நீ எழுந்து போய்விடுவாயோ என்பதுதான் வாய்க்காலுக்கு அடுத்தபடியாக என்னை ஆட்டும் பயம். கோபத்தை என் மேல் வை. கூட்டத்துக்கு வராமல் இரு, என் முகத்தில் முழிக்காமல் இரு. அவரை மட்டும் விட்டுவிடாதே. அவர் உன்னை ஏமாற்றவில்லை.

தகப்பனைப் போல் அவர் உன் தலைமாட்டில் இருக்கட்டும். நீ உன்னையே மறக்கும் நேரத்திலும் அவர் உன்னை மறக்காமல் இருக்கட்டும். பாப்பாவை எடுக்கும்போதும், அடுப்பில் நிற்கும்போதும், தண்ணீருக்குப் போகும்போதும் உன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் கண்ணு. பெற்றவளோ, கட்டினவரோ, யாரோ ஒருவர். அது நானாக இருக்க வேண்டுமென்பதில்லை.

உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்
நிர்மலாக்கா