கழுவாத பூட்ஸ்

உன் பூட்ஸ் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, செத்த எலியைக் கட்டுவதுபோல் இறுக்கி முடிச்சுப் போட்டு, உன் மகள் கையில் கொடுத்திருக்கிறாள் உன் நாத்தனார். "செத்தவங்க செருப்பு வீட்ல இருக்கக் கூடாது, எங்கயாவது தூக்கிப் போட்டுடு" என்றாளாம். பெண்ணுக்கு மனசு வராமல் காட்டூர் முழுக்கச் சுற்றிவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். பையை அவிழ்த்தேன். சீ! பூஞ்சை, வியர்வை, குதிரை மூத்திரம் எல்லாம் சேர்ந்து மூக்கில் அறைந்தது. அடிப்பக்கம் காய்ந்த குதிரை லத்தி வேறு. போயும் போயும் இதையாடி எனக்கு விட்டுவிட்டுப் போனாய்?

எனக்கு மூக்குதான் எதிரி என்று ஸ்டாஃப் ரூமில் ஊரைக் கூட்டிச் சொன்னவள் நீ. யாராவது கருவாட்டுக் குழம்போடு டிபன் பாக்ஸைத் திறந்தாலே நான் வராந்தாவுக்கு ஓடிவிடுவேன். அப்படிப்பட்டவளைத்தான், "ஸ்ரீரங்கத்துல, கொள்ளிடக் கரைப் பக்கம் குதிரை ஏறக் கத்துக்குடுக்கறாங்களாம், வாடி" என்று இழுத்தாய். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற வயசில் இது தேவையா என்று கேட்டேன். "தைலத்தை நான் கொண்டுவரேன், நீ வா" என்றாய்.

அங்கே நமக்குக் கிடைத்த குதிரையின் பெயர் மல்லிகா. எந்தப் புண்ணியவான் வைத்தானோ! பக்கத்தில் போனதும் ஈரச் சாக்கும் பழைய எண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வீச்சம். ஏறி உட்காரலாம் என்று போனவர்களை, முதலில் சுத்தம் செய்யச் சொன்னார் மாஸ்டர். குளம்பைத் தூக்கி, வளைந்த கொக்கியால் உள்ளே அடைந்திருக்கும் சேற்றையும் லத்தியையும் நோண்டி எடுக்க வேண்டும். உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று வந்து விழுந்தது, அழுகின முட்டை தோற்றது. நான் வேலியோரம் போய், குடித்துவிட்டு வந்த காப்பியை அப்படியே கக்கினேன். திரும்பிப் பார்த்தால் நீ அதன் காலைக் கையில் ஏந்திக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கு நகம் வெட்டுவதுபோல் நோண்டிக்கொண்டிருக்கிறாய்.

ஏறின பிறகாவது நிம்மதி உண்டா? வருஷக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டிய கைகள் நமக்கு. மல்லிகா கொஞ்சம் வேகமாக நடந்தாலே நான் இரண்டு கையாலும் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து, பிரேக் போடுகிற மாதிரி இழுத்துவிடுவேன். அது தலையை உதறிக்கொண்டு பின்பக்கமாக நடக்கும். எச்சில் நுரை பறந்து வந்து என் முகத்தில் அப்பும். உவ்வே! மாஸ்டர் கத்துவார்: "மேடம், அது பிரேக் இல்ல, அதோட வாய்! கையை விடுங்க!" நீயும் அதே தப்பைத்தான் செய்தாய், ஆனால் சீக்கிரம் தேறிவிட்டாய். "பயம் வந்தா கையை இறுக்கக் கூடாதாம்டி, விடணுமாம். ஸ்கூட்டர்ல இப்படிச் செஞ்சா நேரா ஆஸ்பத்திரிதான்" என்று சிரித்தாய்.

அன்றைக்கு என் துப்பட்டாவிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டேதான் அதைச் சொன்னாய். வயிற்றில் கட்டி. முற்றிவிட்டதால் ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எப்போதிலிருந்து தெரியும் என்றேன். "இங்க சேர்றதுக்கு முன்னாடியே. பிடிச்சதைச் செய்யுங்கன்னார். குதிரை ஏறலாமான்னு நான் கேட்டுக்கல." நீயே தொடர்ந்தாய்: "வீட்ல கடைசி வரைக்கும் மூச்சு விடாதே. தெரிஞ்சா கட்டில்ல போட்டுடுவாங்க. தனியா மைதானத்தை ஒரு முழுச் சுத்து வந்துடறேன், அப்புறம் போட்டுக்கட்டும்."

நான் மூச்சு விடவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த பலனைக் கேள். சர்ச்சில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். உன் நாத்தனார் பிரியாணி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறாள்: "குதிரையில குதிச்சுக் குதிச்சுத்தான் வயித்துல கட்டி வந்துச்சு. பொம்பளைக்கு எதுக்கு அந்தத் திமிரு?" சுற்றி இருந்த தலைகளெல்லாம் ஆடின. அவள் உதட்டோரம் நெய் வழிந்தது. மல்லிகாவின் குளம்பு அந்த வாயைவிட எவ்வளவோ சுத்தம். உனக்குக் கொடுத்த வாக்குத் தொண்டையில் நிற்க, இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்றைக்குக் கொல்லைப்புறம் குழாயடியில் உட்கார்ந்து, பூட்ஸின் லத்தியைச் சுரண்டக் குச்சியை எடுத்தேன். உன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு மெல்லக் கேட்டாள்: "ஆன்ட்டி, அம்மா பிறந்தநாளுக்கு இதை வாங்கிக் குடுத்ததே நான்தான். நான் வாங்கித் தராம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

பாவி அந்த நாத்தனார். அந்த விஷத்தை இந்தக் குழந்தை ஒரு மாசமாக விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. இவ்வளவு நாள் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது யார் வாயைக் கிழிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நீ சொன்னபடி கையை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி முதலில் வந்தது, குதிரை அப்புறம் வந்தது என்றேன். அவள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் சத்தம் போட்டு அழுதாள். கோபித்துக்கொள்ளாதே, வேறு வழியில்லை.

அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் அம்மா அந்தச் சுத்து வந்தாங்களா?"

"வந்தா. வாரைப் பூ மாதிரி பிடிச்சுக்கிட்டுத் தனியா வந்தா. இறங்கினதும் நேரா லத்தியில காலை வெச்சா. 'பாருடி, ராஜமரியாதை'ன்னு அப்படி ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் இந்தப் பூட்ஸைப் போடவே இல்ல."

உன் மகள் பூட்ஸைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவைப் பார்க்க வேண்டுமாம். குளம்பை அவளே நோண்டட்டும், நான் தொடமாட்டேன். பூட்ஸ் இப்போது என் அலமாரிக்குக் கீழே இருக்கிறது. வீடே நாறுகிறது. இவர் வந்ததும் என்ன எழவு நாற்றம் என்று கத்தப் போகிறார். எனக்கும் இன்னும் குமட்டத்தான் செய்கிறது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் கழுவவில்லையடி.