செத்த முயல்களின் மரம்

ஜூலை 8, செவ்வாய்

மரம் ஒருவழியாக நின்றுவிட்டது. எத்தனை தடவை கணினியில் ஓட்டினாலும் அதே கிளை, அதே இடத்தில்.

1984இல் சீனாவில் அங்கோரா முயல்கள் மூக்கில் ரத்தம் வழிந்து கொத்துக்கொத்தாகச் செத்தன. அதே சமயத்தில் ஐரோப்பாவில் காட்டுமுயல்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி செத்தன. காட்டுமுயல் வேறு இனம். வளை தோண்டாமல் வெட்டவெளியில் குட்டி போடும் தூரத்துச் சொந்தம். முயலைக் கொல்லும் வைரஸ் எங்கிருந்து வந்தது? காட்டுமுயலிடமிருந்து தாவியது என்கிறது என் மரம். உலகத்தில் கிடைக்கிற வைரஸ் மரபணு வரிசைகளையெல்லாம் அடுக்கி நான் கட்டிய வம்சாவளி.

“பேஷ்! மாசக் கடைசிக்குள்ள எழுதிண்டு வா,” என்றார் ராஜகோபாலன் சார். செப்டம்பரோடு இந்த ஆய்வகத்தில் என் வேலை முடிகிறது. இந்தக் கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தால்தான் அடுத்த வேலைக்கு வாசல் திறக்கும். அப்புறம் ஏன் உட்கார முடியவில்லை எனக்கு?

ஜூலை 9

ஒரு வரி எழுதவில்லை. காலில் சக்கரம் கட்டியதுபோல் அடையாறிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 12, சனி

ஆரோக்கியமான முயல்களின் குடலில் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று உண்டு. யாருக்கும் கெடுதல் செய்யாத சாது. பக்கத்து மேஜை வர்ஷினி என் மரத்தைப் பார்த்துவிட்டு, “இந்தச் சாதுங்க மட்டும் ஏன் ஓரமா, நாலஞ்சு மட்டும் தொங்குது?” என்றாள்.

“கிடைச்சதே அவ்ளோதான். நான் என்னடி பண்றது?” — கத்தியிருக்க வேண்டாம். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கேட்டதிலிருந்து பல்லில் நார் சிக்கின மாதிரி இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இனாயத் பெரியப்பா மவுத்தாகிவிட்டார். ராயப்பேட்டைக்குப் போனேன்.

அஃப்சருன்னிசா பெரியம்மா என் கையைப் பிடித்து அழுதார். அழுது முடித்ததும், வந்திருந்த அத்தனை பெண்களும் கேட்க: “மவுத்து வுழுந்தாதான் உன் மூஞ்சியப் பாக்க முடியுது, சாய்மா. நாங்க நல்லா கீறப்போ நாங்க உனக்கு இல்லவே இல்ல, அப்டிதானே?”

எனக்கு வந்த கோபம்! துக்க வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். வெளியே பந்தலில் அத்தா நின்றிருந்தார். “சாப்டியாமா?” என்றார். அவ்வளவுதான்.

பெரியம்மா சொன்னது அநியாயம். நான் ஈக்காட்டுத்தாங்கலுக்கு, பெற்ற அத்தாவைப் பார்க்க, கடைசியாகப் போனது — லேத்தில் அவர் கை மாட்டிக்கொண்டபோது. அதற்கு முன்னால் அம்மாவின் நாற்பதாம் நாள். அதற்கு முன்னால் அம்மா மவுத்தானபோது. பெருநாளைக்குக்கூட, லேப்ல வேலை இருக்குன்னு...

அநியாயம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

கேன்டீனில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடினேன். வைரஸ் வரிசைகளின் அட்டவணையில் ஒரு பத்தி இருக்கிறது: வைரஸ் எதிலிருந்து எடுக்கப்பட்டது? இத்தனை மாதமாக அதை நான் படித்ததே இல்லை. ஈரல். ஈரல். ஈரல். அந்த நாலஞ்சு சாதுக்களைத் தவிர எல்லாம் செத்த முயலின் ஈரல்.

செத்தால்தான் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். புல் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் முயலை யார் போய்ப் பார்த்தார்கள்? நான் கட்டியது மவுத்து வீடுகளின் வம்சாவளி. நல்லபடியாக இருந்தவர்கள் அதில் இல்லவே இல்லை.

ஒரு சோதனை செய்தேன். இருக்கிற சாதுக்களிலும் பாதியை எடுத்துவிட்டு ஓட்டினேன். காட்டுமுயல்தான் மூலம் என்ற முடிவு இன்னும் உறுதியாக வந்தது! எவ்வளவு குறைவாகப் பார்க்கிறேனோ அவ்வளவு நிச்சயம். கொலைகாரனுக்கும் சாதுக்களுக்கும் நடுவே கிடக்கிற பள்ளத்தை நான் காட்டுமுயலைப் போட்டு மூடியிருக்கிறேன். அங்கே காட்டுமுயலே இருக்கலாம். முயலின் வயிற்றிலேயே கிடந்த சாது ஒன்றே கொலைகாரனாக மாறியிருக்கலாம். நாம் நினைத்தே பார்க்காத மூன்றாவது பிராணி ஏதாவது இருக்கலாம். தெரியாது. தெரியாதுன்னு எழுதினா எவன் வேலை குடுப்பான்?

ஜூலை 18, வெள்ளி

மயிலாப்பூரில் சார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். தெருமுனை ஒலிபெருக்கியில் ஆடி வெள்ளிப் பாட்டு. அதற்கு மேலே குரலை உயர்த்தி என் தப்பை நானே கத்தவேண்டியிருந்தது.

“வெண்ணெய் திரண்டு வரச்சே தாழிய உடைக்கறியேம்மா,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “யோசிக்கறேன். ஆத்துக்குப் போ.”

எந்த ஆத்துக்கு? ஹாஸ்டலுக்கு வந்தேன்.

ஜூலை 20

சாரிடமிருந்து பதில் இல்லை. அறையை இரண்டு தடவை பெருக்கினேன்.

ஜூலை 23, புதன்

சார் கூப்பிட்டார். “நீ சொல்றது சரிதான். தலைப்ப மாத்திடு. ஆரோக்கியமா இருக்கற முயலையும் பார்க்காம மூலத்தச் சொல்ல முடியாதுன்னே எழுது. சின்னப் பத்திரிகைக்காரன்தான் போட்டுப்பான். பரவால்லையா?”

பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்பது பொய். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வர்ஷினி டீ வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் ஈக்காட்டுத்தாங்கல் போனேன். சொல்லாமல் போனேன். பட்டறை பூட்டியிருந்தது, அத்தா மாடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படியேறி வரும் என்னைப் பார்த்ததும் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“யாரும்மா? யாருக்கு இன்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் இல்லத்தா.”

“பின்ன இன்னாத்துக்கு வந்துகினே?”

“சும்மாதான்.”

நம்பவில்லை. தட்டை வைத்து, சோறு போட்டு, ஆம்லெட் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் சாப்பிட ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். பெரியம்மாவிடம் பேசுவது கேட்டது. அப்புறம் பெரியம்மா மகன் ஷோயபிடம். அப்புறம் இன்னும் யாரிடமோ.

திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“அல்லாரும் நல்லாத்தான் கீறாங்களாம்,” என்றார்.