கேட்டவர் போதும் என்று சொல்லும்வரை

மிஸ்,

இன்று காலை நம் பள்ளி சேப்பல் கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அறையின் வாடை முகத்தில் அடித்தது. மழையில் ஓதம் கண்ட பாய், பழைய பாட்டுப் புத்தகங்கள், நேற்றுத் துடைத்த பினாயில். நீங்கள் இருந்தால், "ஜன்னலத் திறங்க மிஸ், ஆண்டவருக்கே மூச்சு முட்டும்" என்றிருப்பீர்கள். நானே திறந்தேன். ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்தது.

இத்தனை வருஷம் பழகியும் நாம் இந்த 'மிஸ்'ஸைத் தாண்டவில்லை, பாருங்கள். பெருங்களத்தூரிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவீர்கள். இரும்புலியூரில் நான் ஏறினால், "வாங்க மிஸ்." மத்தியானம் டப்பாவை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் தயிர் சாதமா? ஒண்டிக்கட்டைன்னா நாக்குக்குமா தண்டனை?" என்று உங்கள் உருளைக்கிழங்கு வறுவலில் பாதியைத் தள்ளுவீர்கள். என் கோபம் பள்ளிக்கூடமே அறிந்தது. என்னைக் கேலி செய்ய உங்களைத் தவிர வேறு யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் நடத்தும் சேப்பலில், நெற்றியில் விபூதியோடு, நான் கடைசி வரிசை. பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் வேலை, கும்பிடுவது உங்கள் வேலை என்று பிரித்து வைத்திருந்தேன். நீங்களும் ஒருநாள்கூட முன்னால் வந்து உட்காரச் சொன்னதில்லை.

பாட்டு முடிந்ததும் விண்ணப்ப நேரம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பிள்ளைகள் எழுந்து சொல்லும். அப்பாவின் உடைந்த கால், காணாமல் போன பூனை, ரிப்பேரான தையல் மெஷின், எதையும் நீங்கள் தள்ளியதில்லை. ஒரே சட்டம்தான் வைத்திருந்தீர்கள். கேட்டவரே எழுந்து "போதும் மிஸ்" என்று சொல்லும்வரை அந்த ஜெபம் வாராவாரம் நடக்கும். சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் "ஸ்தோத்திரம்!" என்று கூரை அதிரக் கத்தும். பூனைக்காரப் பயல் பூனையையே மறந்துவிட்டான். அரையாண்டுப் பரீட்சையில் அவனுக்கு ஞாபகம் வரும் வரைக்கும் அதற்காக ஜெபம் நடந்தது. "எதுக்கு மிஸ் இந்தக் கூத்து?" என்று நான் சிடுசிடுத்தேன். "அவன் வந்து சொல்லட்டும். நிறுத்தறதுக்கு நாம யாரு?" என்றீர்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம் விண்ணப்ப நேரத்தில் நான் எழுந்து நின்றேன். அத்தனை பிள்ளைகளும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. "நம்ம மிஸ்ஸுக்கு சுகம் கிடைக்கணும்" என்றேன். சாயங்காலம் வந்து உங்களிடம் சொன்னபோது மூச்சு வாங்கியபடியே சிரித்தீர்கள். "நீங்களா எழுந்தீங்க? அப்ப நான் பொழச்சிடுவேன், போங்க." பிழைக்கவில்லையே மிஸ். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படியா செய்வது?

பெரிய லீவில் உங்களை அடக்கம் செய்தார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் நான் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. "கூட வேலை பாக்கறவங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பிடி மண் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி திதி கொடுக்க நான் உங்களுக்கு உறவில்லை. உங்கள் சபை வழக்கத்தில் போனவர்களுக்காக ஜெபிப்பதே இல்லையாம்.

பள்ளி திறந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து வரும் சின்ன வயசு டீச்சர் ஒருத்தி இப்போது சேப்பல் நடத்துகிறாள். கீபோர்டில் தாளத்தை அதுபாட்டுக்கு ஓடவிட்டுப் பாடுகிறாள், நல்ல குரல்தான். முதல் வெள்ளிக்கிழமையே பிள்ளைகள் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டன: "மிஸ்ஸுக்கு சுகம் கொடும் ஆண்டவரே." அவள் திருதிருவென்று விழித்தாள். "மிஸ் ஆண்டவர்கிட்ட போயிட்டாங்கப்பா" என்றாள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து, "தெரியும் மிஸ். ஆனா அவங்க இன்னும் போதும்னு சொல்லலையே" என்று என்னைக் கைகாட்டியது.

நான் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் சொல்லவில்லை. உங்களுக்காக யாராவது எதையாவது கேட்கிற இடம் இந்த ஊரிலேயே அது ஒன்றுதான். அதையும் என் வாயாலேயே மூடவேண்டுமா?

உங்கள் சபை ஆயர் ஐயா ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், பிள்ளைங்க குழம்பிப் போகுதுங்க. அவங்க இப்ப சுகமாத்தான் இருக்காங்க. நம்ம முறையில…"

"உங்க முறை ஐயா" என்றேன் வெடுக்கென்று.

அவர் கோபிக்கவில்லை. "சரிம்மா, உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க" என்று எழுந்து போனார். சண்டை போட்டிருந்தால் இன்னும் ஒரு வருஷம் இழுத்திருப்பேன்.

இன்று எழுந்தேன். "போதும்" என்றேன். பிள்ளைகளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. யாருக்கோ காய்ச்சல் விட்டதுபோல, "ஸ்தோத்திரம்!" என்று அத்தனை சந்தோஷமாகக் கத்தின. நான் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது அந்த இரண்டாம் வகுப்புப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தது. "மிஸ், இப்ப அவங்களுக்கு நல்லாயிடுச்சா?"

"ம்" என்றேன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் யார் யாரோ நடுவில் நசுங்கி வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றினேன். பிள்ளைகளை நிறுத்தச் சொன்னேனே தவிர நான் நிறுத்தவில்லை மிஸ். முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "மிஸ்ஸுக்கு சுகம் கொடும் ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னேன். எந்த ஆண்டவர் என்று நானும் யோசிக்கவில்லை. நாளைக்கும் சொல்வேன். கேட்டவள் நான், நிறுத்தவேண்டியவளும் நான். இந்த வீட்டில் 'போதும்' சொல்லும்படி என்னிடம் கேட்க யாரும் இல்லை.