அருவிக்கு மேலே தப்பித்த மீன்கள்

என் அன்பு அக்கா,

உன் போன் எண்ணை நான் இன்னும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. மந்தைவெளியில் நாம் இருவரும் குடியிருந்த அதே வீட்டில்தான் இருக்கிறேன். கொஞ்சமாக அரிசி போட்டாலும் சோறு மிஞ்சிவிடுகிறது.

போன மாதம், ரொம்ப நாள் கழித்து, மீன் வாங்கப் போனேன். மீன்காரி தேவி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, உங்க அக்கா எங்க? ஆளையே காணோமே! அவங்களுக்குப் பிடிச்ச விரால் கீது" என்றாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த ஏரி மீனு, எப்ப புட்ச்சதுன்னு கேட்டுக்கினே இருப்பாங்களே... இனிமே யாரு கேக்கப்போறா?" விரால் வாங்காமலே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் போன் அடித்தது. மலையிலிருந்து முருகேசன். நீ மீன் ஆராய்ச்சிக்கு அந்த அணைக்குப் போகும்போதெல்லாம் பரிசல் ஓட்டுவாரே, அவர்தான். "மேடம், இந்தத் தடவை அணையில விட கெண்டைக் குஞ்சு நெறைய வருதுங்க. அணைக்குப் போக மிச்சத்தை அருவிக்கு மேல ஓடையில விடப்போறாங்களாம். நீங்க வேணாம்னு சொன்ன எடமாச்சே, அதான்..."

"நான் அவங்க தங்கச்சிங்க" என்றேன். மீதியையும் சொன்னேன். "நாளன்னிக்கு அணைக்கரையில மீனவர் சங்கக் கூட்டம் இருக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

உனக்குத் தெரியாததா? வெளியிலிருந்து கொண்டுவந்த கெண்டையும் ஜிலேபி மீனும் அணையை நிறைத்துவிட்டன. சேற்றைக் கிளறி, முட்டைகளைத் தின்று, அங்கேயே பிறந்த மீன்களை ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கிவிட்டன. அருவியில் மட்டும் அவற்றால் ஏற முடியவில்லை. அதனால் மேலே ஓடையில் அயிரையும், பாறையோடு ஒட்டிக் கிடக்கும் அந்த விரல் நீள மீன்களும் தப்பித்திருந்தன. அவற்றைக் கண்ட அன்று நீ போனில் அழுதாய். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நான், உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

மறுநாளே பஸ் ஏறினேன். நீயா என்று சிரிக்காதே. அணைக்கரையில் கூட்டம் நடந்தது. மீனவர் சங்கத் தலைவர் நியாயமாகத்தான் பேசினார்: "கெண்டை வந்தப்புறம்தாங்க எங்க வீட்ல அடுப்பு எரியுது. வெரல் நீள மீனை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

எனக்கு உன் படிப்பு இல்லை. "அணையில விட வேணாம்னு அக்கா சொன்னதே இல்லீங்க. அது உங்க பொழப்பு. மேல இருக்குற மீனை மட்டும் விட்டுடுங்க. அது போயிட்டா வேற எங்கேருந்தும் கொண்டுவர முடியாது" என்றேன். முருகேசன் எழுந்து நின்றார். "அந்தம்மா நமக்குக் கெடுதல் சொன்னதில்ல. குஞ்சுப் பையை நான் மேல தூக்கமாட்டேன்." இன்னும் இரண்டு பேர் அவரோடு எழுந்தார்கள்.

குஞ்சுகள் எல்லாம் அணைக்கே போயின. "இந்த வருசம் மட்டுந்தாங்க" என்றார் தலைவர்.

பிறகு முருகேசன் என்னை ஓடைக்குக் கூட்டிப்போனார். குனிந்து பார்த்தேன். முதலில் வெறும் கல். அப்புறம் அந்தக் கல்லின் ஓரம் அசைந்தது. "அக்கா, இங்க பாரு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முருகேசன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சொல்ல எவ்வளவு இருந்தது! யாரிடம் சொல்ல? மலையில் தனியாக நின்ற நாளெல்லாம் உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

அடுத்த முறை குஞ்சு வரும்போதும் போவேன், அக்கா. அதற்கடுத்த முறையும். ஒருநாள் தோற்றே போகலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் உன் இடம் காலியாகக் கிடக்க விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி